மைதா பேக்கரியில் கேழ்வரகு பிரெட்: புதிதாக ஒரு ரகம் கொண்டுவர நினைப்பவர்களுக்கு

"மைதா இல்லாத பிரெட் இருக்கா?" தமிழ்நாட்டில் பேக்கரி நடத்தும் யாருக்கும் இந்தக் கேள்வி இப்போது பழகிப்போனதுதான். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வீட்டில் கேழ்வரகு தோசை சுடுகிறவர்கள் பேக்கரியிலும் அதை எதிர்பார்ப்பது இயல்பு.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: மைதா பிரெட்டிலேயே கேரமல் நிறம் சேர்த்துப் பழுப்பாக்கி, மேலே நாலு எள்ளைத் தூவி, சத்தான பெயர் வைத்து விற்பது. அந்த வழியில் போக வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உண்மையாகவே கேழ்வரகு இருக்கிற, அதே நேரம் வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிற பிரெட்டைச் சின்ன பேக்கரியிலேயே செய்ய முடியும். ஒரு கிலோ மாவில் தொடங்கி, எந்த வரிசையில் போக வேண்டும் என்று பார்ப்போம்.

யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சிறுதானிய பிரெட் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே பிரெட்டைக் கேட்கவில்லை. டிபன் பாக்ஸுக்குத் தேடும் அம்மாவுக்கு மென்மையும் லேசான இனிப்பும் வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கு இனிப்பு கூடாது, மெல்லிய ஸ்லைஸ் வேண்டும். உடற்பயிற்சிக்குப் போகிற இளைஞர் விதைகளும் புரதமும் கேட்பார். மூன்று பேரையும் ஒரே பாக்கெட்டில் திருப்திப்படுத்தப் பார்த்தால் ஒருவர்கூட மறுபடி வாங்க மாட்டார்.

கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர்கள் கேட்டு இல்லாமல் போனதை எல்லாம் இரண்டு வாரம் அதில் எழுதச் சொல்லுங்கள். தெரிந்த வாடிக்கையாளர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பிரெட்டை எப்படிச் சாப்பிடுகிறீர்கள், ஒரு பாக்கெட் எத்தனை நாள் வரும், வீட்டில் வேறு யார் சாப்பிடுவார்கள்? நம் ஊரில் பெரும்பாலும் தோசைக்கல்லில் நெய்யோ வெண்ணெயோ தடவி வாட்டுவார்கள், டீயில் நனைப்பார்கள், ஆம்லெட்டுக்குள் வைப்பார்கள். உங்கள் பிரெட் இந்த மூன்றையும் தாங்க வேண்டும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒருவர் மட்டும் சாப்பிடும் பிரெட் நாலாவது நாளில் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போகும், அடுத்த முறை அவர் வாங்கத் தயங்குவார். குடும்பமே சாப்பிட்டால் பாக்கெட் இரண்டு நாளில் தீரும்.

அதனால் இங்கே எடுத்துக்காட்டாக எடுப்பது, காலையில் வீட்டில் எல்லோரும் வாட்டிச் சாப்பிடக்கூடிய மென்மையான கேழ்வரகு பிரெட்.

லேபிளை எழுதிவிட்டு மாவைத் தொடுங்கள்

செய்முறையை முடித்துவிட்டுப் பெயர் வைப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உறையில் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் முதலில் எழுதிவிட்டால், எவ்வளவு கேழ்வரகு போட்டாக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் லேபிள் விதிப்படி, பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் சேர்க்கப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். மாவில் கால் பங்கு கேழ்வரகு போட்டாலும், தண்ணீர், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சேர்த்த மொத்தக் கலவையில் அது 13 சதவீதம்தான் வரும். அந்த 13-ஐத் தயங்காமல் எழுதுங்கள். பொருள் பட்டியலும் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்க வேண்டும். படிக்கிற வாடிக்கையாளர் மைதா எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுவார், பார்க்கட்டும்.

கால்சியம் பற்றியும் ஒரு கணக்குப் போடுவோம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கீழே வரும் செய்முறையில் ஒரு லோஃபுக்கு 60 கிராமுக்குச் சற்று மேல் கேழ்வரகு. 16 ஸ்லைஸ் போட்டால் ஒரு ஸ்லைஸுக்கு 4 கிராம், அதில் கால்சியம் சுமார் 14 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அப்படியிருக்க "எலும்புக்குப் பலம்" என்று உறையில் போட நமக்கு உரிமை இல்லை. நார்ச்சத்துக்கும் இப்படித்தான்: 100 கிராம் பிரெட்டில் 3 கிராமாவது இருந்தால்தான் நார்ச்சத்து உள்ளது என்று சொல்லலாம், நிறைந்தது என்று சொல்ல 6 கிராம் வேண்டும். ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து வந்த எண்ணை வைத்துச் சொல்லுங்கள்.

"சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்ற வரி வேண்டவே வேண்டாம். மாவாக அரைத்த சிறுதானியம் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கவும் செய்கிறது.

தானியத்தின் குணம்

கோதுமையில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலையாகப் பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் விடும் வாயு அந்த வலைக்குள் நின்று பிரெட்டைப் பொங்க வைக்கும். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எதிலும் இந்தக் குளூட்டன் கிடையாது. சிறுதானியம் கூடக் கூட வலை மெலியும், அதன் தவிடு இழையை வெட்டவும் செய்யும். மாவில் 20 முதல் 25 சதவீதம் வரை ஒரு சாதாரண பேக்கரி தைரியமாகப் போகலாம். அதற்கு மேல் போனால் உயரம் குறையும், வாயில் மணல் போலத் தட்டும்.

கேழ்வரகை முதல் ரகமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொழுப்பு குறைவு என்பதால் மாவு சீக்கிரம் கெடாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நன்றாக விளைகிறது. நிறமும் இயல்பாகவே சாக்லேட் பக்கம் சாய்ந்திருக்கும். கம்பு அப்படி அல்ல. அதில் கொழுப்பு அதிகம், அரைத்த சில நாளிலேயே மாவு கசக்க ஆரம்பிக்கும். கம்பு பிரெட் செய்வதானால் தேவைக்கு மட்டும் அரைத்து வாங்கி, சில நாளில் தீர்த்துவிட வேண்டும்.

முளைகட்டிய கேழ்வரகு மாவு நல்லதுதானே என்று பலர் கேட்பார்கள். கூழுக்கும் கஞ்சிக்கும் அது அருமை. பிரெட்டில் கவனம் தேவை. முளைவிடும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம் பெருகுகிறது. அது அதிகமானால் சுட்ட பிரெட்டின் உள்பகுதி பிசுபிசுத்து, ஸ்லைசர் பிளேடில் ஒட்டும். மணத்துக்காகச் சேர்ப்பதானால் மாவில் 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாவு மில்லில் கல், மண் நீக்கிக் கழுவிக் காயவைத்த கேழ்வரகா என்று கேட்டு வாங்குங்கள். நைசாக அரைபட்டிருக்க வேண்டும். ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மென்றால் மண் இருப்பது உடனே தெரியும்.

முதல் ஃபார்முலா

பேக்கரிக் கணக்கில் மொத்த மாவு 100, மற்ற எல்லாம் அதற்கு இத்தனை சதவீதம். இந்தக் கணக்கில் எழுதிப் பழகிவிட்டால் ஒரு கிலோவிலிருந்து 25 கிலோவுக்குப் போவது வெறும் பெருக்கல்தான். சோதனைக்கு ஒரு கிலோ மாவு போதும், 4 லோஃப் கிடைக்கும்:

- மைதா 500 கிராம்
- கோதுமை மாவு 250 கிராம்
- கேழ்வரகு மாவு 250 கிராம்
- குளூட்டன் பவுடர் 30 கிராம்
- தண்ணீர் மொத்தம் 740 கிராம்
- இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 12 கிராம்
- உப்பு 18 கிராம்
- நாட்டுச் சர்க்கரை 50 கிராம்
- எண்ணெய் அல்லது வெண்ணெய் 40 கிராம்

தண்ணீரையும் எடை போட்டே ஊற்றுங்கள். கேழ்வரகும் கோதுமைத் தவிடும் தண்ணீரை மெதுவாக இழுக்கும். பிசையும்போது தளர்வாகத் தெரிந்த மாவு அரை மணியில் இறுகிவிடும். அதனால் முதலில் 50 கிராம் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, பதம் பார்த்துக் கடைசியில் சேருங்கள்.

பிரெட் நன்றாகப் பொங்கச் சேர்க்கும் இம்ப்ரூவர் பவுடர் வாங்கினால் உறையில் உள்ள பொருள்களைப் படியுங்கள். பொட்டாசியம் புரோமேட்டை இந்தியா 2016-லேயே அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி உள்ளதை வாங்குங்கள்.

கூழ் கிளறுவதுதான் மென்மையின் ரகசியம்

இந்த வேலையில் நான் அதிகம் நம்புவது இந்தப் படியைத்தான். கேழ்வரகு மாவை அப்படியே உலர்ந்ததாகக் கொட்டிப் பிசைந்தால் இரண்டாம் நாளே பிரெட் உதிர ஆரம்பிக்கும். காரணம், அந்த மாவுச்சத்து போதிய தண்ணீரைப் பிடித்து வைக்கவில்லை. கொதிநீர் ஊற்றி அதை முன்னாடியே வேக வைத்துவிட்டால், தன் எடையைப் போல இரண்டு மடங்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஓவனுக்குள் போன பிறகும் எளிதில் விடாது. களி கிண்டத் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஜப்பானிலும் சீனத்திலும் மென்மையான பிரெட்டுக்குக் கோதுமை மாவை இப்படித்தான் முன்கூட்டியே வேக வைக்கிறார்கள்.

250 கிராம் கேழ்வரகில் பாதியை, அதாவது 125 கிராமை ஒரு பாத்திரத்தில் எடுங்கள். மொத்தத் தண்ணீரிலிருந்து 250 கிராமைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஒரே ஊற்றாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். தண்ணீர் வெறும் சூடாக இருந்தால் போதாது. கலவையின் சூடு 65 டிகிரிக்கு மேல் நின்றால்தான் மாவுச்சத்து வெந்து பசையாகும். பாத்திரத்தோடு எடை போட்டு, ஆவியாகப் போன தண்ணீரைத் திரும்பச் சேருங்கள். மூடி, சூடு தணிந்ததும் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் காலைக்குள் புளித்துவிடும்.

எல்லாக் கேழ்வரகையும் இப்படி வேக வைக்க வேண்டாம். மாவு ஒட்டும் பசையாகி, லோஃப் உருட்ட வராது. பாதி கூழாக, பாதி உலர்மாவாக என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. உங்கள் மில் மாவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

மாவின் சூடு

பிசைந்து முடித்த மாவு 27 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை மாத மதுரையில் மாவு 33 டிகிரிக்கு ஏறினால் ஈஸ்ட் தறிகெட்டு ஓடும், வாசனையும் கெடும். அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அறை, உலர்மாவு, தண்ணீர் என்ற மூன்றுக்காக 27-ஐ 3-ஆல் பெருக்கினால் 81. அறைச் சூடு 34, உலர்மாவின் சூடு 32, மிக்சர் உராய்வால் ஏறும் சூடு 12 என்று வைத்தால் கூட்டல் 78. ஆக, தண்ணீர் 3 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது ஐஸ் போட வேண்டும். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கூழ் 8 டிகிரியில் இருந்தால், அதையும் நாலாவதாகச் சேர்த்து 27-ஐ 4-ஆல் பெருக்குங்கள்: 108. அதில் 86 போனால் 22. சாதாரண குளிர்ந்த தண்ணீரே போதும். தோராயக் கணக்குதான், ஆனாலும் வேலைக்கு உதவும். உராய்வுச் சூடு மிக்சருக்கு மிக்சர் மாறும். மாவில் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

பிசைதல் முதல் ஓவன் வரை

ஸ்பைரல் மிக்சரில் மெதுவேகத்தில் 4 நிமிடம், வேகமாக 4 அல்லது 5 நிமிடம். மைதா மாவைப் போலக் கண்ணாடித்தாளாக விரியும் என்று காத்திருக்காதீர்கள், இந்த மாவு விரியாது. அதற்கு மேல் பிசைந்தால் இருக்கிற இழையும் அறுந்துபோகும். மூடி 45 நிமிடம் விட்டு, 460 கிராம் உருண்டைகளாக வெட்டி, உருட்டி டின்னில் வையுங்கள். சுடும்போது எடை குறைந்து 400 கிராம் லோஃப் கிடைக்கும்.

மாவைப் பொங்க வைக்கும் பெட்டியான ப்ரூஃபரில் 36 முதல் 38 டிகிரி. மைதா பிரெட்டை டின்னுக்கு மேலே எழும்ப விட்டு ஓவனில் ஏற்றிப் பழகிய மாஸ்டருக்கு இங்கேதான் கை தவறும். கேழ்வரகு மாவு விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கும்போதே ஓவனுக்குள் போய்விட வேண்டும். இன்னும் பொங்கட்டும் என்று விட்டால் சுடும்போது நடுவில் உட்காரும். 200 டிகிரியில் சுமார் 30 நிமிடம். நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்ல முடியாது, மாவே பழுப்பு. நடுவில் தெர்மாமீட்டர் 94 முதல் 96 டிகிரி காட்டினால் எடுக்கலாம்.

ஆறவிடுதல், பூஞ்சை, நூல் இழுத்தல்

பிரெட்டின் நடுச்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்காமல் ஸ்லைஸ் போட்டு உறையில் போட்டால், உள்ளே நீர் கோத்துக்கொண்டு பூஞ்சை சீக்கிரம் வரும். அப்படி ஆற இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விநியோக வண்டி காத்திருக்கிறது என்பதற்காக இந்த நேரத்தைக் குறைக்காதீர்கள். ஸ்லைசர் பிளேடையும் ஆறவைக்கும் ரேக்கையும் தினமும் துடையுங்கள். சுடும்போது பூஞ்சையின் வித்துகள் செத்துவிடும், மறுபடி ஒட்டுவது இந்த இடங்களில்தான்.

சிறுதானியம், தவிடு சேர்ந்த பிரெட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவின் வித்து தானியத்தின் மேல்தோலில் ஒட்டி வரும், ஓவன் சூட்டிலும் சாகாது. வெயில் காலத்தில் ஓரிரு நாளில் பிரெட்டின் உள்பகுதி ஈரமாகி, பிட்டால் நூல் நூலாக இழுபடும், அழுகிய முலாம்பழம் போல வாடை அடிக்கும். மைதா பிரெட் மட்டுமே செய்தவர்கள் இதை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கு மருந்து புளிப்புதான். முந்தின நாள் புளிக்க வைத்த மாவைக் கொஞ்சம் சேர்க்கலாம், அல்லது சிறிதளவு வினிகர் சேர்க்கலாம். கெடாமல் காக்கும் கால்சியம் புரோப்பியோனேட்டைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் போடலாம், போட்டால் உறையில் எழுத வேண்டும். ஒருமுறை நூல் இழுத்துவிட்டால் அந்த மாவு மூட்டையை ஒதுக்கிவிட்டு, மேசை, மிக்சர், டின் எல்லாவற்றையும் வினிகர் கலந்த நீரால் துடையுங்கள். திரும்பி வந்த பழைய பிரெட்டை அரைத்துப் புது மாவில் சேர்க்கும் பழக்கம் இருந்தால் அன்றோடு நிறுத்துங்கள்.

எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகிக்காதீர்கள். ஒரே நாள் சுட்ட பாக்கெட்டுகளைக் கடை அலமாரியிலேயே வைத்து, தினமும் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பூஞ்சை தெரிந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் காலாவதித் தேதி போடுங்கள்.

ருசி பார்ப்பது

ஒரு சோதனைக்கு ஒரே ஒரு மாற்றம். தண்ணீரைக் கூட்டினால் சர்க்கரையைத் தொடக் கூடாது. இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. தேதி, மில், எடை, சூடு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மாஸ்டர் ஊருக்குப் போனாலும் பிரெட் மாறக் கூடாது.

கடைக்காரர் நீட்டினால் யாரும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதனால் மூன்று துண்டுகளை எண் மட்டும் எழுதிக் கொடுங்கள், இரண்டு பழைய ஃபார்முலா, ஒன்று புதியது. வேறுபட்டது எது என்று கேளுங்கள். கண்ணை மூடிச் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதைவிட நிறையப் பேர் கண்டுபிடித்தால்தான் உங்கள் மாற்றம் நாக்குக்கு எட்டியிருக்கிறது. அன்றே சுட்டதை மட்டும் கொடுக்காமல் மூன்றாம் நாள் பிரெட்டையும் தோசைக்கல்லில் வாட்டிக் கொடுங்கள். அந்த வீட்டுக் குழந்தை இரண்டாவது ஸ்லைஸ் கேட்கிறதா என்பதைப் பாருங்கள், ஓரம் தட்டில் மிச்சமாகிறதா என்பதையும் பாருங்கள்.

விலையும் திரும்பி வரும் பாக்கெட்டும்

மூலப்பொருள், எரிபொருள், கூலி, உறை எல்லாம் கூட்டியதும் கணக்கு முடியாது. 20 பாக்கெட் போட்டு 4 திரும்பி வந்தால், 20-க்கு ஆன செலவை 16 பாக்கெட் சுமக்கிறது, அதாவது அடக்கவிலை கால் பங்கு ஏறிவிடும். புது ரகம் நஷ்டப்படுவது பெரும்பாலும் இதில்தான். தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும், முதல்நாள் சொன்னவர்களுக்கு மட்டும் சுடுங்கள். "செவ்வாய், சனி கேழ்வரகு பிரெட்" என்று பலகையில் எழுதினால் மக்கள் அந்த நாளுக்கே வருவார்கள்.

உறையில் விட்டுப்போகக் கூடாதவை

14 இலக்க உரிம எண், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, முகவரி, சைவக் குறி. கோதுமை இருப்பதையும், வெண்ணெய் போட்டால் பால் இருப்பதையும் ஒவ்வாமைக் குறிப்பில் எழுத வேண்டும். "மல்டிகிரெய்ன்", "பிரவுன்" போன்ற பெயர்களுக்கான அளவு விதிகள் மாறுகின்றன, அச்சடிக்கும் முன் நடப்பு விதியைப் பாருங்கள். "குளூட்டன் இல்லாதது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மைதாத் தூசு பறக்கிற அறையில் தனியாகச் சிறுதானியம் மட்டும் வைத்துச் செய்தாலும் அந்த அளவு நிற்காது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயுள்ள ஒருவர் நம்மை நம்பிச் சாப்பிட்டால் அவர் குடலுக்குத்தான் கேடு.

பெரிய அளவுக்குப் போகும்போது

25 கிலோ மாவுக்கான கூழ் பெரிய பாத்திரத்தில் ஆறவே ஆறாது. மேலே குளிர்ந்திருக்கும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்து புளிக்கும். அகலமான ட்ரேக்களில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய மிக்சரில் உராய்வுச் சூடு வேறாக இருக்கும், அந்த எண்ணை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். முதல் உருண்டைக்கும் கடைசி உருண்டைக்கும் அரை மணி இடைவெளி விழுந்தால் கடைசி லோஃப்கள் டின்னில் அளவுக்கு மீறிப் பொங்கிவிடும். ஒரே பெரிய மாவாகப் பிசையாமல் இரண்டாகப் பிரித்து, இருபது நிமிட இடைவெளியில் பிசையுங்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மைசூரில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கின்றன. போகும்போது உங்கள் சோதனை நோட்டையும் மூன்றாம் நாள் லோஃப் ஒன்றையும் கொண்டுபோங்கள், அதை வெட்டிப் பார்த்தாலே அவர்களால் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.